ஹ்யூகோ வீவிங் தன் மார்க்கெட்டைத் தானே கெடுத்துக்கொண்டாரா?

கோடம்பாக்கத்தான்:

ஸ்லோ ஹார்ஸஸ் நாலாவது சீசன் பார்த்து முடித்தேன். ஃபிராங்க் ஹார்க்னஸாக ஆஸ்திரேலிய நடிகர் ஹ்யூகோ வீவிங் வந்து நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! கூடவே ஒரு ஆதங்கமும் வந்தது. அதற்காகத்தான் இந்த இழை.

1999இலிருந்து 2003க்குள் மேட்ரிக்ஸ் மூன்று படம், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்று படம். அதில் வில்லன் ஏஜென்ட் ஸ்மித்தும் அவர்தான், இதில் எல்ராண்டும் அவர்தான். சினிமா பார்க்கிற யாருக்கும் தெரிந்த முகம். இப்படி ஒரு அமைப்பு எத்தனை நடிகருக்குக் கிடைக்கும்? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். இவர் என்ன செய்தார்? வி ஃபார் வெண்டெட்டாவில் படம் முழுக்க முகமூடிக்குள். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் வில்லன் ரோபோ மெகாட்ரானுக்கு வெறும் குரல். 2011இல் கேப்டன் அமெரிக்காவில் ரெட் ஸ்கல் என்ற வில்லன். பிறகு அந்த வேஷத்துக்குத் திரும்பவே இல்லை, 2018இல் வேறொருவர் செய்தார். நாலாவது மேட்ரிக்ஸிலும் ஆளைக் காணோம்.

இவரைவிடக் குறைந்த திறமையுள்ளவர்களெல்லாம் ஹாலிவுட்டில் கதாநாயகர்களாக வலம் வரும்போது இவர் ஏன் ஒதுங்கினார்? வருத்தத்தோடு கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


மழைக்காலம்:

நீங்கள் 1999இல் கணக்கைத் தொடங்குவதால்தான் அது இழப்பாகத் தெரிகிறது. அதற்கு முன்னாலேயே அவர் தன் நாட்டில் உச்சத்தில் இருந்த நடிகர்.

1960இல் நைஜீரியாவின் இபாடானில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயர். அப்பாவின் வேலைக்காக ஊர் ஊராகப் போய், 1976இல்தான் குடும்பம் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தது. சிட்னியில் நைடா என்கிற தேசிய நாடகப் பள்ளியில் படித்து 1981இல் வெளியே வந்தார். ஆஸ்திரேலிய திரைப்படக் கழகத்தின் சிறந்த நடிகர் விருதை 1991, 1998, 2005 என்று மூன்று முறை வாங்கியிருக்கிறார். முதல் இரண்டும் மேட்ரிக்ஸ் வருவதற்கு முன்பு.

1991 விருது ப்ரூஃப் படத்துக்கு. ஜோஸ்லின் மூர்ஹவுஸின் முதல் முழுநீளப் படம். மார்ட்டின் என்ற பார்வையற்றவர் ஓயாமல் புகைப்படம் எடுக்கிறார். எடுத்ததை யாராவது விவரித்துச் சொல்லவேண்டும், தான் உணர்ந்ததும் அங்கே இருந்ததும் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். சின்ன வயதில் ஜன்னலுக்கு வெளியே தோட்டம் எப்படி இருக்கிறது என்று அம்மா சொன்னது பொய்யோ என்ற சந்தேகம் அவரை விடவே இல்லை. அப்போது யாரென்றே தெரியாத ரஸ்ஸல் குரோ, படங்களை விவரிக்கும் நண்பனாக வருகிறார். பார்வையற்றவர் என்றால் இரக்கம் தேடும் பாத்திரமாகச் செய்துவிடுவது எளிது. வீவிங்கின் மார்ட்டின் கர்வக்காரர், வீட்டுவேலை செய்யும் பெண்ணை வதைக்கிறவர், சில இடங்களில் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் அவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

1998 விருது த இன்டர்வியூ படத்துக்கு. இயக்கம் கிரெய்க் மோனஹன். விடியும் முன் போலீஸ் கதவை உடைத்து எடி ஃபிளெமிங் என்ற சாதாரண மனிதரை இழுத்துப் போகிறது. பிறகு ஏறக்குறைய முழுப்படமும் விசாரணை அறைதான். குற்றவாளியா அப்பாவியா என்பது அவர் முகத்தில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். முதலில் நடுங்குகிறார், பசிக்கிறது என்கிறார், கெஞ்சுகிறார். எந்த இடத்தில் அந்த அறையின் அதிகாரம் அவர் கைக்கு வந்தது என்று என்னால் இன்றுவரை சுட்டிக்காட்ட முடியவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அடுத்த வருடமே மேட்ரிக்ஸ் வருகிறது. கட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்து நாயகன் நியோவை ஸ்மித் விசாரிக்கும் காட்சியை நினைத்துப்பாருங்கள். ஒரு வருடம் முன்பு மேஜையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இப்போது இந்தப் பக்கம். விசாரிக்கப்படுகிறவனின் பயம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் செய்த விசாரணை அது. அவசரமே காட்டாமல் ஏட்டைப் புரட்டுகிறார் பாருங்கள்.


சேப்பாக்கம் கேலரி:

சினிமா அதிகம் தெரியாது, கிரிக்கெட் தெரியும். நான் வீவிங்கை முதலில் பார்த்தது 1984இல் வந்த பாடிலைன் தொலைக்காட்சித் தொடரில். 1932-33 ஆஷஸ் தொடர்தான் கதை. கேரி ஸ்வீட் பிராட்மனாக, வீவிங் இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டினாக.

ஆஸ்திரேலியர்களுக்கு ஜார்டின் என்றால் இன்றும் வில்லன். வேகப்பந்து வீச்சாளர் லார்வுட்டை விட்டு பேட்ஸ்மேன் உடம்பைக் குறிவைத்துப் போடச் சொன்னவர். அடிலெய்டில் ஆஸ்திரேலிய கேப்டன் உட்ஃபுல் நெஞ்சில் அடிவாங்கியதும், ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையோட்டில் விரிசல் விழுந்ததும் அந்தத் தொடரில்தான். ஆஸ்திரேலியத் தயாரிப்பு, ஆஸ்திரேலியப் பார்வையாளர்கள். 24 வயசுப் பையன் அந்த வேஷத்தில் மீசை முறுக்கியிருந்தாலே கைதட்டு விழுந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. முதுகு வளையாத நிமிர்வு, வார்த்தையை அளந்து விடும் பேச்சு, தான் செய்வது விதிப்படி சரி என்ற அசையாத நம்பிக்கை. ஸ்மித்தைப் பிறகு பார்த்தபோது எனக்கு ஜார்டின்தான் நினைவுக்கு வந்தார். இருவருமே விதியைத் தங்கள் பக்கம் வைத்திருப்பவர்கள்.

தொடரில் சரித்திரப் பிழைகள் உண்டு, அதைக் கிரிக்கெட் ஆட்கள் அப்போதே கண்டித்தார்கள். நடிப்பு வேறு விஷயம்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: பம்பாயில் பிறந்த ஜார்டின் 1934 பிப்ரவரியில் இங்கிலாந்து கேப்டனாகச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடியிருக்கிறார். அமர்சிங் ஒரே இன்னிங்ஸில் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தும் நாம் 202 ரன்னில் தோற்றோம்.


கோடம்பாக்கத்தான்:

மழைக்காலம், கேலரி அண்ணா, இருவருக்கும் நன்றி. ப்ரூஃப் பார்க்கவேண்டிய பட்டியலில் சேர்ந்தாச்சு. ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இவ்வளவு அடித்தளம் உள்ளவர் 2003க்குப் பிறகு பத்து மடங்கு பெரிய இடத்துக்குப் போயிருக்கலாமே? ரஸ்ஸல் குரோ போனார், கை பியர்ஸ் போனார், கேட் பிளாஞ்செட் போனார்.


நல்லூரான்:

நான் சிட்னியிலை இருக்கிறன். உங்கட கேள்விக்கு மறுமொழி இஞ்சை வால்ஷ் பேயிலை இருக்கு.

துறைமுகத்துக்குள்ளை நீட்டிக்கொண்டு நிக்கிற பழைய மரத் துறைகள், ஒரு காலத்திலை கம்பளி மூட்டை ஏத்தின இடம். அதிலை ஒண்டிலைதான் 1984இலையிருந்து சிட்னி தியேட்டர் கம்பனி இருக்குது. கேட் பிளாஞ்செட்டும் அவவின்ரை மனுசன் ஆண்ட்ரூ அப்டனும் 2008இலை அதைப் பொறுப்பெடுத்திச்சினம். அதுக்கு முதலும் பிறகும் வீவிங் அங்கை திரும்பத் திரும்ப நடிச்சவர். ஹெட்டா காப்ளர் 2004இலை, அது நியூயோர்க் வரைக்கும் போச்சுது. 2010இலை அங்கிள் வான்யா: பிளாஞ்செட் எலேனா, ரிச்சர்ட் ராக்ஸ்பர்க் வான்யா, இவர் டொக்டர் ஆஸ்த்ரோவ். ஹங்கேரியிலையிருந்து தமாஷ் ஆஷெர் எண்ட இயக்குநர் வந்து செய்தவர். அதுவும் வாஷிங்டன், நியூயோர்க் எண்டு போனது. பிறகு கோதோவுக்காகக் காத்திருத்தல், 2013. ராக்ஸ்பர்க் எஸ்த்ரகோன், இவர் விளாடிமிர். 2015இலை லண்டன் பார்பிகனிலையும் போட்டவை.

நான் நேரை பாத்தது 2014ஆம் ஆண்டு மக்பெத். இயக்குநர் கிப் வில்லியம்ஸ் ஒரு வேலை செய்தவர்: பாக்க வந்த சனத்தை மேடையிலை இருத்திப்போட்டு, சனம் இருக்கவேண்டிய மண்டபத்தை வெறுமையா விட்டிட்டார். எங்களுக்கு முன்னாலை நூற்றுக்கணக்கான வெறுங்கதிரையள் வரிசை வரிசையா ஏறிக்கொண்டு போகுது. அந்தக் கதிரையளுக்கு நடுவிலை வீவிங் தனிய நிண்டு கதைக்கிறார். அரசன் ஆயிட்டான், ஆனால் ஆள ஒருத்தரும் இல்லை எண்டது ஒரு வசனமும் இல்லாமல் விளங்கிச்சுது. கிட்ட வரேக்கை மூச்சுச் சத்தம் கேக்கும். தூரப் போனாலும் அந்தக் குரல் ஒரு சொல்லும் சிந்தாமல் வந்து சேரும்.

இந்த மனிசன் ஒதுங்கினவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நாங்கள் இஞ்சை அவரை இடைவிடாமல் கண்டுகொண்டுதான் இருந்தனாங்கள். பார்பிகன் மேடையும் நியூயோர்க் மேடையும் அவரைத் தேடி வந்தது, அவர் இருந்த இடத்தைவிட்டுப் போகேல்லை.


குரல்வளை:

டப்பிங் துறையில் இருக்கிறேன். 'வெறும் குரல்' என்று கோடம்பாக்கத்தான் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வி ஃபார் வெண்டெட்டாவை எங்கள் ஆட்கள் பாடமாகப் பார்க்கிறோம். அந்த வேஷத்தை முதலில் ஜேம்ஸ் பியூர்ஃபாய் நடிக்கத் தொடங்கி விலகினார், பிறகு வீவிங் வந்தார். முகமூடியில் புருவம் அசையாது, உதடு அசையாது, ஒரே சிரிப்பு. மீதி இருப்பது தலையின் சாய்வும் குரலும்தான். அந்தச் சாய்வு அரை அங்குலம் மாறினால் சிரிக்கிற முகமே அழுவது போல ஆகிறது. நாயகி ஈவியைத் தானே அடைத்துவைத்த சிறையிலிருந்து வெளியே விட்டபிறகு அவள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். தான் செய்த கொடுமையை நியாயம் என்று நம்பவும் வேண்டும், அது கொடுமை என்று தெரிந்திருக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது.

1995இல் பேப் படத்தில் ரெக்ஸ் என்கிற ஆட்டுமந்தை நாய்க்கும் குரல் கொடுத்தார். காது சரியாகக் கேட்காத, தோற்றுப்போன பெருமையோடு வாழ்கிற நாய். குழந்தைப் படம்தானே என்று ஒரு வரியைக்கூட லேசாக விடவில்லை.

இதற்கு நேரெதிர் 1994இல் வந்த பிரிசில்லா. சிட்னியிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை பாலைவனத்தில் பஸ்ஸில் போகும் மூன்று மேடைக் கலைஞர்கள். டெரன்ஸ் ஸ்டாம்ப், கை பியர்ஸ், இவர். பெண்வேடம் போட்டு, வேறொருவர் பாடிய பாட்டுக்கு வாயசைப்பதுதான் தொழில். இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு, அதைப் பூட்டிவிட்டு, கண்ணாலேயே நடிக்கிறார். பிரிந்திருக்கும் மனைவியையும் மகனையும் சந்திக்கப் போகிறோம் என்ற பயம் ஒப்பனைக்கு அடியில் தெரிகிறது.

மெகாட்ரானை மட்டும் உங்கள் கணக்கிலேயே விட்டுவிடுகிறேன். அந்த வேலை தனக்கு அர்த்தமுள்ளதாக இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். படத்தில் கேட்டாலும் அது தெரிகிறது.


பவளமல்லி:

எல்லோரும் புகழ்ந்துவிட்டீர்கள், ஒரு மாற்றுக் குரல். 2012இல் வந்த கிளவுட் அட்லஸ் பற்றி யாரும் பேசவில்லையே? ஒரே நடிகர்கள் பல காலங்களில் பல வேஷம் போடும் படம். வீவிங் கொடூரமான நர்ஸாக வருகிறார், அது பிரமாதம். ஆனால் வருங்கால சியோலில் நடக்கும் பகுதியில் இவருக்கும் வேறு சில வெள்ளை நடிகர்களுக்கும் கண்ணை மாற்றி ஒப்பனை போட்டுக் கொரியர்களாகக் காட்டினார்கள். அமெரிக்காவில் ஆசிய நடிகர்களுக்காகக் குரல்கொடுக்கும் அமைப்பு அதைக் கண்டித்தது. சரியான கண்டனம். பல பிறவி என்பது கதையின் கரு என்று சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. நல்ல நடிகர் சம்மதித்தார் என்பதால் அது சரியாகிவிடாது.


மழைக்காலம்:

பவளமல்லி, அதில் உங்களோடு உடன்படுகிறேன். அந்தப் பகுதி பார்க்கச் சங்கடமாகவே இருக்கிறது.

கோடம்பாக்கத்தானின் 'பெரிய இடம்' பற்றி: மூன்றாவது சிறந்த நடிகர் விருது 2005இல் லிட்டில் ஃபிஷ் படத்துக்கு. அதாவது ரிங்ஸ், மேட்ரிக்ஸ் எல்லாம் முடிந்த கையோடு அவர் தேடிப்போன படம் அது. சிட்னியின் மேற்கே கபிரமட்டா, வியட்நாமியர்கள் அதிகம் வாழும் பகுதி. பழைய ரக்பி லீக் நட்சத்திரம் லயனல், ஹெராயினுக்கு அடிமை. எல்ராண்டின் முகத்தையே தேடினாலும் கிடைக்காது. உடம்பே சுருங்கிப்போனவர் போல இருக்கிறார். போதை மருந்துக்காகக் கெஞ்சும்போதும் ஒரு காலத்தில் மைதானமே ஆர்ப்பரித்த மனிதர் என்ற மிடுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கவே வலிக்கும்.

2009இல் லாஸ்ட் ரைடு. குற்றம் செய்துவிட்டு ஓடும் அப்பா, கூடவே பத்து வயசுப் பையன். தெற்கு ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரியில் நடக்கும் காட்சிகள் இருக்கின்றன. அன்பு காட்டத் தெரியாத, அடிக்கத் தெரிந்த அப்பா. மகனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று தண்ணீரில் தள்ளிவிடுகிற மாதிரியான அன்பு. அவரது நடிப்பிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான், விருது பெற்ற மூன்றையும்விட.


ஏலக்காய்:

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த விவாதம் முழுமையாகும்.

வீவிங் நாடகப் பள்ளியை முடித்த 1981இல்தான் ஆஸ்திரேலிய அரசு 10பிஏ என்ற வரிச்சலுகையைக் கொண்டுவந்தது. சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடரிலும் போட்ட முதலுக்கு 150 சதவீதம் வரிக்கழிவு. மருத்துவர்களும் வக்கீல்களும்கூடப் படங்களில் பணம் போட்டார்கள். நிறைய குப்பை வந்தது. ஆனால் அந்த வெள்ளத்தில் ஒரு தலைமுறை நடிகர்களுக்குக் கையில் வேலை இருந்துகொண்டே இருந்தது. பாடிலைன், 1989இல் நிகோல் கிட்மனோடு செய்த பாங்காக் ஹில்டன் எல்லாம் தொலைக்காட்சி பெரிதாகச் செலவழித்த அந்தப் பத்தாண்டின் படைப்புகள். சலுகை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பிறகு அரசு நிதி நிறுவனங்களின் காலம். 2008இல் அவை ஸ்கிரீன் ஆஸ்திரேலியா என்ற ஒரே அமைப்பாக இணைந்தன.

சின்னப் படத்துக்கு நிதி கேட்டுப்போகும்போது ஒரு தெரிந்த பெயர் வேண்டும். இங்கேதான் ஸ்மித்தும் எல்ராண்டும் உதவுகிறார்கள். முதல் படம் எடுக்கும் இயக்குநர் வீவிங் ஒப்புக்கொண்டார் என்று சொன்னால் கதவு திறக்கும். லாஸ்ட் ரைடு கிளென்டின் ஐவினின் முதல் முழுநீளப் படம். ஹாலிவுட்டில் சம்பாதித்த பெயரை அவர் வேண்டாமென்று எறியவில்லை, ஊருக்குள் கொண்டுவந்து செலவழித்தார். அதை நான் மார்க்கெட் போனது என்று சொல்லமாட்டேன்.


நல்லூரான்:

ஏலக்காய் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அதோடை ஒரு படத்தையும் சேர்க்கவேணும்: ஆரஞ்சஸ் அண்ட் சன்ஷைன், 2010.

பிரித்தானியாவிலையிருந்து ஆயிரக்கணக்கான சின்னப் பிள்ளையளை, தாய் தேப்பன் செத்துப்போச்சினம் எண்டு பொய்யும் சொல்லி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேத்தினவை. கனபேரின்ரை தாய்மார் உயிரோடை இருந்தவை. 1980களிலை மார்கரெட் ஹம்ஃப்ரீஸ் எண்ட சமூகசேவகர் இதைத் தோண்டி எடுத்தவ. ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் 2009 நவம்பரிலை மன்னிப்புக் கேட்டார், பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுன் 2010 பெப்ரவரியிலை கேட்டார். படமும் அதே ஆண்டுதான் வந்தது. வீவிங், தாயைத் தேடுற ஜாக். வயசு போன ஆம்பிளை, ஆனால் தாயைப் பற்றிக் கதைக்கேக்கை கப்பலிலை ஏத்தின சின்னப் பெடியனாகிவிடுவார். அழுகையைத் தொண்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு மரியாதையாக் கதைக்கிறார். ஊரைவிட்டு வந்த ஆக்களுக்கு அந்தக் காட்சி எங்கை போய்ப் படும் எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதுக்குச் சிறந்த துணை நடிகர் விருது கிடைச்சது. பிறகு 2015இலை த டிரெஸ்மேக்கருக்கும், அடுத்த வருசம் ஹாக்ஸா ரிட்ஜ்ஜுக்கும் அதே விருது.


மழைக்காலம்:

டிரெஸ்மேக்கர் ஜோஸ்லின் மூர்ஹவுஸ் படம் என்பதையும் சொல்லவேண்டும். ப்ரூஃப் வந்து 24 வருடம் கழித்து அதே இயக்குநர், அதே நடிகர். பட்டுத் துணியையும் இறகையும் ரகசியமாக நேசிக்கும் கிராமத்துப் போலீஸ்காரர் வேஷம். படம் முழுதாக எனக்குப் பிடிக்கவில்லை, அவர் வரும் காட்சிகள் எல்லாம் பிடித்தன.


கோடம்பாக்கத்தான்:

ஏலக்காயின் வாதம் யோசிக்க வைக்கிறது. நிதிப் பக்கத்தை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் நாலாவது மேட்ரிக்ஸ்? ஸ்மித்தாக இவர் இல்லாமல் மேட்ரிக்ஸ் என்ன மேட்ரிக்ஸ்? அதையும் ஊருக்காக விட்டார் என்பீர்களா?


குரல்வளை:

மேடைக்காக. லண்டன் நேஷனல் தியேட்டரில் 2020 தொடக்கத்தில் த விசிட் நாடகம், லெஸ்லி மேன்வில்லோடு. தேதிகள் ஒத்துவரவில்லை, படத்தை விட்டார். கடைசியில் கொரோனா வந்து அந்த நாடகமும் இடையிலேயே நின்றுபோனது. அதே வருடம் சிட்னியில் அரங்குகள் மெல்லத் திறந்தபோது, வானங்காட்டா என்ற புது ஆஸ்திரேலிய நாடகத்தில் வெய்ன் பிளேரோடு மேடையேறினார்.


பவளமல்லி:

நல்லூரான், மேடையில் நடந்ததெல்லாம் அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தானே? சென்னையில் இருக்கும் எனக்கு அந்த மக்பெத் இல்லவே இல்லை. உங்கள் விவரிப்பைப் படித்துப் பொறாமைப்பட மட்டும்தான் முடிகிறது. ஒரு நடிகரின் சிறந்த வேலை பெரும்பாலான ரசிகர்களுக்கு எட்டாத இடத்தில் நடப்பதில் எனக்கு நியாயமான மனக்குறை உண்டு.


நல்லூரான்:

தங்கச்சி, அந்தக் குறை நியாயம்தான். அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. நாடகம் அப்பிடித்தான், பாத்தவை சொல்லக் கேக்கிறதுதான் மிச்சம். அதாலைதான் நானும் இவ்வளவு நீட்டி எழுதினனான்.


கோடம்பாக்கத்தான்:

சரி, எங்கே தொடங்கட்டும் என்று யாராவது சொல்லுங்கள். இந்த வாரக் கடைசியில் இரண்டு படம் பார்க்க நேரமிருக்கிறது.


மழைக்காலம்:

முதலில் த இன்டர்வியூ, மறுநாள் லாஸ்ட் ரைடு. முடிவைப் பற்றி எங்கும் படித்துவிடாதீர்கள், குறிப்பாக இன்டர்வியூ. ப்ரூஃபை அடுத்த வாரம் தனியாகப் பாருங்கள். தொடர் வேண்டுமென்றால் 2021இல் வந்த லவ் மீ. மனைவியை இழந்து, மறுபடி காதலிக்கத் தயங்கும் மெல்பர்ன்வாசியாக வருகிறார். வில்லன் வேஷத்தின் நிழலே இல்லாத வீவிங்.


கோடம்பாக்கத்தான்:

குறித்துக்கொண்டேன். ரெட் ஸ்கல்லை விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான், அதை மாற்ற முடியாது. இரண்டு படமும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ராக்ஸ்பர்க் பெயர் இவ்வளவு முறை வந்துவிட்டதே, அவருடைய ரேக் தொடரைப் பற்றி யாராவது தனி இழை தொடங்குகிறீர்களா?